துணைக்கு ஒரே ஜோடி ஸ்கீ: எந்த அகலம், எந்த நீளம்?

தனக்கு ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை) வாங்குகிறவருக்குத் தன் காலே வழி சொல்லிவிடும். வாழ்க்கைத் துணைக்கு வாங்கும்போது அந்தக் கால் நம்முடையது இல்லை. "மலையில் எங்கே போனாலும் தாங்குகிற மாதிரி ஒரே ஜோடி போதும், எதை எடுக்கலாம்?" என்று கேட்பவர்களில் பலர் நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள். தேர்வு தடம் மாறுவதும் அதனால்தான். தங்களுக்குப் பிடித்த ஸ்கீயையே நீளம் குறைத்துத் துணைக்கும் எடுத்துவிடுகிறார்கள்: நடுவில் 98 மில்லிமீட்டர் அகலம், உள்ளே இரண்டு உலோகத் தகடு, எந்த வேகத்திலும் அதிராத பலகை. வாங்கியவருக்கு அது சுகம். போட்டுக்கொள்கிறவருக்கு மதியத்துக்குள் தொடை எரியத் தொடங்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பக்கத்தில் இல்லாத நாளில் அவர் தானாக எந்தச் சரிவுக்குப் போவாரோ, அந்தச் சரிவுக்கு வாங்குங்கள். உங்களோடு வருவதற்காக மட்டும் அவர் இறங்கும் செங்குத்துச் சரிவையும் மரங்களுக்கு நடுவே உள்ள ஆழ்பனியையும் கணக்கில் சேர்க்காதீர்கள். கீழே உள்ள ஒப்பீடு முழுக்க இந்த ஒரு கேள்வியை ஒட்டியே போகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

பனி. கிழக்கு வட அமெரிக்காவில் மழை பெய்து உறைந்த கெட்டித் தடங்கள் சாதாரணம். ஆல்ப்ஸில் பெரும்பாலோர் இயந்திரத்தால் சமன்செய்த தடங்களிலேயே நாள் முழுதும் ஓட்டுகிறார்கள். யூட்டாவிலும் ஹொக்கைடோவிலும் காய்ந்த, இலேசான புதுப்பனி அடிக்கடி விழும். சியரா நெவாடாவில் விழுவது ஈரம் நிறைந்த கனத்த பனி. ஆண்டுக்கு ஒருமுறை போகும் கனவுப் பயணத்தை விட்டுவிட்டு, வழக்கமாகப் போகும் மலையைப் பாருங்கள்.

உடல் எடை. பலரும் தவறவிடுவது இதைத்தான். புதுப்பனியில் மிதப்பது அகலத்தை மட்டும் பொறுத்ததில்லை. எடை எவ்வளவு பரப்பில் பரவுகிறது என்பதைப் பொறுத்தது. 85 கிலோ எடையுள்ளவர் 177 செ.மீ. நீளம், 98 மி.மீ. அகலமுள்ள ஸ்கீயில் நிற்கிறார் என்று வையுங்கள். நடு அகலத்தை மட்டும் வைத்துத் தோராயமாகப் பெருக்கினால், ஒரு பலகையின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய 49 கிராம் எடை. 55 கிலோ எடையுள்ளவர் 158 செ.மீ. நீளம், 88 மி.மீ. அகலத்தில் நின்றால் அது 40 கிராம்தான். பத்து மில்லிமீட்டர் ஒடுங்கிய ஸ்கீயிலும் அவர் உங்களைவிட மேலே மிதப்பார். "எனக்கு 98 என்றால் அவருக்கும் 98" என்ற வாதம் இந்த ஒரு கணக்கிலேயே விழுந்துவிடுகிறது.

முழங்கால். பலகையைச் சாய்த்து விளிம்பில் நிற்கும்போது பனி தாங்கிப் பிடிப்பது அந்த விளிம்பைத்தான். 80 மி.மீ. ஸ்கீயில் பாதத்தின் நடுவிலிருந்து விளிம்பு 40 மி.மீ. தள்ளியிருக்கும். 100 மி.மீ. ஸ்கீயில் அது 50 மி.மீ. தள்ளியிருக்கும். கெட்டிப் பனியில் ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தக் கூடுதல் தூரத்தைக் கணுக்காலும் முழங்காலும்தான் சமாளிக்க வேண்டும். மென்பனியில் பலகையின் முழு அடியும் தாங்கப்படுவதால் இது தெரியாது.

ஓட்டும் விதம். காலை பத்து மணிக்கு அவர் எப்படி ஓட்டுகிறார் என்று பார்ப்பதைவிட மாலை மூன்றரைக்குப் பாருங்கள். தடம் சிதறி, பனி குவியல் குவியலாகி, கால் களைத்த நேரம் அது. அப்போது பின்பக்கம் சாய்ந்து நிற்கிறாரா, பலகையைப் பக்கவாட்டில் தேய்த்துத் திருப்பத்தை முடிக்கிறாரா, விளிம்பில் நின்று பனியில் கோடு கீறியபடி திரும்புகிறாரா? ஸ்கீ உதவிக்கு வரவேண்டியது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

## பலகையில் எழுதியிருப்பதைப் படிக்க

மாதிரியின் பெயரில் உள்ள எண் பெரும்பாலும் நடு அகலத்தைத்தான் குறிக்கும். பிளிஸார்ட் பிளாக் பேர்ல் 88, நோர்டிகா சான்டா ஆனா 93, ஃபோல்க்ல் சீக்ரெட் 92, ரொசிங்ஞோல் எக்ஸ்பீரியன்ஸ் 82 என்பவை எல்லாம் அப்படித்தான். சில மாதிரிகளில் நீளத்துக்கு நீளம் ஓரிரு மில்லிமீட்டர் மாறும்.

திருப்ப ஆரம் மீட்டரில் எழுதியிருக்கும். 14 என்றால் குறுகிய திருப்பம் எளிதில் வரும். 18 என்றால் நீண்ட திருப்பத்தை விரும்பும். கேம்பர் என்பது நடுப்பகுதி மேலே வளைந்திருப்பது. ஏறி நின்றதும் அது அழுந்தி விளிம்பு முழுவதையும் பனியில் பதிக்கும். ராக்கர் என்பது முனை சீக்கிரமே மேலெழுவது. திருப்பத்தைத் தொடங்க இலகுவாக்கும், புதுப்பனியில் முனை புதையாமல் காக்கும்.

ஒரே ஜோடியால் மலை முழுவதையும் ஓட்டலாம் என்பதே ஆழமான பக்க வளைவும் (நடு ஒடுங்கி முனைகள் அகன்ற வடிவம்) ராக்கரும் சேர்ந்ததால் வந்த வசதி. 1990களின் தொடக்கத்தில் எலான் நிறுவனத்தின் எஸ்.சி.எக்ஸ். அந்தப் பக்க வளைவைக் கொண்டுவந்தது. 2000களின் தொடக்கத்தில் ஸ்கீ வீரர் ஷேன் மெக்கான்கியின் யோசனையில் பிறந்த வோலன்ட் ஸ்பாட்டுலா, கேம்பரையே தலைகீழாகத் திருப்பிப் போட்டது. இன்றைய ஆல் மவுண்டன் ஸ்கீ பெரும்பாலும் நடுவில் கேம்பரும் முனைகளில் ராக்கரும் கொண்ட கலவை.

## தெரிவு 1: 78–84 மி.மீ.

சமன்செய்த தடத்தில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சட்டென்று மாறும். கெட்டிப் பனியில் பிடி நன்றாக இருக்கும், காலுக்கு உழைப்பும் குறைவு. இன்னும் திருப்பங்களைக் கற்றுக்கொண்டிருப்பவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. கால் செய்ததை ஸ்கீ உடனே திருப்பிச் சொல்லும்.

பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல் புதுப்பனி விழுந்த நாளில் மட்டும் சிரமம். மதியத்துக்குப் பிறகு குவியும் பனியிலும் முனை அலைக்கழியும். அந்த நாட்களில் அவர் தடத்திலேயே இருக்க விரும்புவார் என்றால் இது குறையே இல்லை.

ஒரு நுட்பம் கவனிக்க வேண்டும். இந்த அகலத்தில் பல மாதிரிகள் பைண்டிங்கோடு (பூட் எனும் ஸ்கீ காலணியைப் பலகையில் பிடித்து வைக்கும் பொறி) சேர்த்தே, தண்டவாளம் போன்ற அமைப்போடு வருகின்றன. பூட் மாறினால் நீளத்தைச் சரிசெய்வது எளிது. ஆனால் அந்த பைண்டிங்கைக் கழற்றி வேறு ஸ்கீயில் போட முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

## தெரிவு 2: 85–92 மி.மீ.

வேறு எந்த விவரமும் சொல்லாமல் ஒருவர் கேட்டால் நான் காட்டுவது இந்த வரிசையைத்தான், அதிலும் 86 முதல் 89 வரை. நடுவில் இருப்பதால் பாதுகாப்பான தேர்வு என்பதல்ல காரணம். மேலே போட்ட எடைக் கணக்கை மறுபடி பாருங்கள். 50 முதல் 65 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 88 மி.மீ. போதுமான மிதப்பைத் தந்துவிடுகிறது. அதே நேரம் காலைக் கெட்டிப் பனியில் முழங்காலைத் தொந்தரவு செய்யும் அகலத்துக்கு அது போவதில்லை. எடை குறைந்த ஓட்டுநருக்கு இந்த வரிசை உண்மையிலேயே இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. 90 கிலோ எடையுள்ளவருக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

இதே அகலத்துக்குள் குணம் பெரிதும் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். எலான் ரிப்ஸ்டிக் போன்ற இலேசான மரக் கட்டமைப்புள்ள ஸ்கீ மோகல் எனும் பனி மேடுகளிலும் மரங்களுக்கு நடுவிலும் எளிதாகத் திரும்பும். சிதறிய பனியில் வேகமாகப் போனால் கொஞ்சம் துள்ளும். ஃபோல்க்ல் சீக்ரெட் போல டைட்டானல் என்ற உலோகக் கலவையில் சட்டம் போட்டது அந்தத் துள்ளலை விழுங்கிவிடும், ஆனால் ஓட்டுபவர் முன்பக்கம் அழுத்தி நிற்பதை எதிர்பார்க்கும். 88 என்ற எண் ஒன்றாக இருப்பதாலேயே இரண்டும் ஒன்று என்று எடுத்துவிடாதீர்கள். அகலத்தை முடிவு செய்த பிறகு அடுத்த பாதி வேலை இங்கேதான் இருக்கிறது.

குறை: பனிக்கட்டித் தடத்தில் தெரிவு 1-ன் கூர்மை வராது. முழங்கால் ஆழப் புதுப்பனியில் தெரிவு 3-ன் சுகம் வராது. இரண்டுமே ஆண்டில் சில நாட்கள்தான் என்றால் பொறுத்துக்கொள்ளலாம்.

## தெரிவு 3: 94–102 மி.மீ.

புதுப்பனி அடிக்கடி விழும் மலை, கூடவே அவரே தடத்தை விட்டு வெளியே போக ஆசைப்படுகிறவர். இரண்டும் சேர்ந்தால் இதுதான் சரியான தேர்வு, தயங்க வேண்டாம். சிதறிய பனியில் அகலமான முனை மேலேயே ஏறிப்போகும். இளவேனிலின் ஈரப்பனியில் கால் இழுபடாது. சாலமன் க்யூ.எஸ்.டி. லூமென் போன்றவை இந்த வரிசையில் வருகின்றன.

"அகலமாக இருந்தால் எல்லாவற்றுக்கும் ஆகும், ஒடுங்கியது தடத்துக்கு மட்டும்தான்" என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். பனி விழாத வாரத்தில், காலை ஒன்பது மணிக் கெட்டித் தடத்தில், 100 மி.மீ. ஸ்கீயை விளிம்பில் நிறுத்தி வைப்பதற்குத் திறமையும் பலமும் வேண்டும். அவை இல்லாதபோது ஓட்டுநர் விளிம்பை விட்டுவிட்டுத் தேய்த்துத் திருப்பத் தொடங்குவார். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு எந்த ஸ்கீ மாட்டினாலும் போகாது. இடைநிலை ஓட்டுநருக்கு அகலமான ஸ்கீயை அன்பளிப்பாகக் கொடுப்பதை நான் எதிர்ப்பதற்கு முதல் காரணம் இதுதான். முழங்கால் அடுத்த காரணம்.

## தெரிவு 4: இப்போது வாங்காமல், பருவம் முழுக்க வாடகை

ஒப்பீடுகளில் இது இடம்பெறுவதே இல்லை, ஆனால் பலருக்கு இதுவே சரியான விடை. ஓட்டத் தொடங்கி ஓரிரு பருவமே ஆனவரின் ஓட்டம் வேகமாக மாறும். இன்று பொருந்தும் மென்மையான 150 செ.மீ. பலகை அடுத்த பருவத்தில் சிறியதாகிவிடும். அவர் சொந்தமாக நல்ல பூட் வாங்கி, ஸ்கீயை மட்டும் வாடகைக்கு எடுக்கட்டும். காலைப் பிடிக்காத பூட்டோடு எந்த உயர்ந்த ஸ்கீயும் சொன்ன பேச்சைக் கேட்காது. குதிகால் மேலெழும்பும் பூட்டை மாற்றாமல் புது ஸ்கீ வாங்குவது பணத்தைப் பனியில் புதைப்பது. கைவசம் உள்ள தொகை ஒன்றுக்குத்தான் போதும் என்றால், கால் பார்த்துப் பொருத்தித் தரும் கைதேர்ந்தவரிடம் பூட்டுக்குக் கொடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | 78–84 மி.மீ. | 85–92 மி.மீ. | 94–102 மி.மீ. | பருவ வாடகை |
|---|---|---|---|---|
| கெட்டிப் பனியில் பிடி | மிக நன்று | நன்று | பலமும் திறமையும் வேண்டும் | கிடைப்பதைப் பொறுத்தது |
| புதுப்பனியில் மிதப்பு | குறைவு | எடை குறைந்தவருக்குப் போதும் | மிக நன்று | பெரும்பாலும் குறைவு |
| மாலை நேரச் சிதறிய பனி | அலையும் | கட்டமைப்பைப் பொறுத்தது | நன்று | அலையும் |
| மோகல் மேடுகள் | நன்று | இலேசானது என்றால் நன்று | மந்தம் | மென்மையால் எளிது |
| தடத்தில் முழங்கால் உழைப்பு | குறைவு | நடுத்தரம் | அதிகம் | குறைவு |
| யாருக்கு | தடத்தை நேசிப்பவர், கற்பவர் | இரண்டும் கலந்து ஓட்டுபவர் | புதுப்பனி தேடுபவர் | முதல் ஓரிரு பருவத்தவர் |

## அகலம் முடிந்தபின் வரும் மூன்று கேள்விகள்

உலோகம் வேண்டுமா? டைட்டானல் என்பது பெயரைக் கேட்டு நினைப்பதுபோல் டைட்டேனியம் அல்ல, அலுமினியக் கலவை. அதிர்வைக் குறைத்து வேகத்தில் நிதானம் தரும். எடையும் விறைப்பும் கூடும். வேகமாக, முன்பக்கம் அழுத்தி ஓட்டுபவருக்கு அது வரம். நிதானமாக ஓட்டி ரசிப்பவருக்கு முழுத் தகடு தேவையில்லை. நடுவில் மட்டும் அல்லது ஓரச் சட்டமாக உலோகம் வைத்த மாதிரிகள் நல்ல சமரசம்.

"பெண்களுக்கானது" என்ற முத்திரை? அதன் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. சில இடங்களில் மர உள்ளீடே இலேசாக, வளையும் தன்மை மாற்றி வடிவமைத்திருக்கிறார்கள். சில இடங்களில் அதே ஸ்கீதான், குட்டை நீளங்களும் வேறு மேற்பூச்சும் மட்டும். கட்டமைப்பைக் கேட்டறியுங்கள். குட்டை நீளம் கிடைப்பதே ஒரு நல்ல காரணம்தான். பலமாக ஓட்டும் பெண் பொது மாதிரியை எடுப்பதிலும், எடை குறைந்த ஆண் பெண்கள் வரிசையில் எடுப்பதிலும் எந்தத் தவறும் இல்லை.

நீளம்? நிமிர்த்தி வைத்தால் முகவாய்க்கும் நெற்றிக்கும் நடுவே வர வேண்டும். முகவாய்ப் பக்கம் என்றால் எளிது, நெற்றிப் பக்கம் என்றால் நிதானம். ராக்கர் அதிகமுள்ள ஸ்கீ தடத்தில் தன் நீளத்தைவிடக் குட்டையாக உணரப்படும், ஆகவே அங்கே ஒரு அளவு கூட எடுக்கலாம். இரண்டு நீளங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் எடையைப் பார்த்து முடிவு செய்யுங்கள், உயரத்தைப் பார்த்தல்ல. பலகையை வளைப்பது எடைதான்.

## சீட்டில் எழுதாத செலவுகள்

பல ஸ்கீகள் பைண்டிங் இல்லாமலே விற்கப்படுகின்றன. பைண்டிங், அதைப் பொருத்தும் கூலி இரண்டும் தனி. பிரேக்கின் அகலம் ஸ்கீயின் நடு அகலத்துக்குச் சமமாகவோ, 15 மி.மீ.க்குள் கூடுதலாகவோ இருக்க வேண்டும். பழைய ஒடுங்கிய ஸ்கீயிலிருந்து பைண்டிங்கைக் கழற்றிப் புதிய 88-இல் போடலாம் என்ற எண்ணம் பெரும்பாலும் இங்கேதான் உடையும்.

அடுத்து பூட்டின் அடிப்பாகம். வழக்கமான ஆல்பைன் அடிப்பாகத்துக்கு ஐ.எஸ்.ஓ. 5355, நடக்க வசதியாக வளைந்த கிரிப்வாக்குக்கு ஐ.எஸ்.ஓ. 23223 என்று தரநிலைகளே வேறு. பழைய பைண்டிங் பல கிரிப்வாக்கை ஏற்காது. உற்பத்தியாளர் ஆதரவை நிறுத்திவிட்ட பைண்டிங்கைச் சரிசெய்து தரப் பல கடைகள் மறுத்துவிடும். ஆகவே பழைய ஜோடியை மலிவாக வாங்குமுன் பைண்டிங்கின் வயதைப் பாருங்கள்.

பைண்டிங்கின் விடுவிப்பு அளவை, அதாவது எவ்வளவு விசையில் பூட்டைக் கழற்றிவிட வேண்டும் என்ற எண்ணை, வீட்டில் வைத்துத் திருகாதீர்கள். எடை, உயரம், வயது, பூட்டின் அடி நீளம், ஓட்டும் வகை ஆகிய ஐந்தையும் கொண்டு பட்டியல் பார்த்துச் செய்வது அது. இங்கே துணைக்கு வாங்குபவருக்கு ஒரு சங்கடம் உண்டு. எடையை நீங்கள் ஊகித்துச் சொல்லவும் கூடாது, மரியாதைக்காகக் குறைத்துச் சொல்லவும் கூடாது. குறைத்தால் தேவையில்லாத இடத்தில் கழன்றுகொள்ளும், கூட்டினால் கழல வேண்டிய நேரத்தில் கழலாது. அவரே நேரில் போய்ச் சொல்லட்டும். ஓட்டும் வகையையும் அவரே தேர்ந்தெடுக்க வேண்டும். ஏ.சி.எல். எனப்படும் முழங்கால் தசைநார்க் காயம் ஸ்கீ ஓட்டும் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் என்பது நன்கு அறியப்பட்டது. இந்த ஒரு விஷயத்தில் அவசரம் வேண்டாம். எடை குறைந்தவருக்கு விடுவிப்பு அளவு 3-இல் தொடங்கி 10 அல்லது 11 வரை போகும் பைண்டிங் போதும். பெரிய எண் வரை போவது தரத்தின் அடையாளம் அல்ல.

பிறகு பராமரிப்பு: விளிம்பு தீட்டுதல், மெழுகு, ஆண்டுதோறும் பைண்டிங் சோதனை. கெட்டிப் பனியில் ஓட்டுபவருக்கு விளிம்பு தீட்டும் செலவு கூடும். தீட்டாத 80 மி.மீ. ஸ்கீயைவிட நன்றாகத் தீட்டிய 90 மி.மீ. ஸ்கீ பனிக்கட்டியில் நன்றாகப் பிடிக்கும்.

## பரிசாக மறைத்து வாங்கலாமா?

வாங்காதீர்கள். மாறாக, மலையில் டெமோ ஸ்கீ (வாங்குமுன் ஓட்டிப் பார்க்கத் தருவது) எடுக்கும் ஒரு நாளைப் பரிசாகக் கொடுங்கள். இரண்டு ஜோடி போதும்: ஒன்று 82-க்கு அருகில், ஒன்று 88–90-இல். புதுப்பனி மலை என்றால் இரண்டாவதை 96 ஆக்கிக்கொள்ளலாம். அவருடைய சொந்த பூட்டோடு, அவருக்குப் பழகிய ஒரே தடத்தில், ஒரு ஜோடியைக் காலையிலும் மாலையிலும், மற்றதை நடுவிலும் ஓட்டட்டும். கெட்டிப் பனி, சிதறிய பனி, களைத்த கால் மூன்றும் அந்த நாளுக்குள் வந்துவிடும். லிஃப்டில் ஏறும்போது நீங்கள் உங்கள் கருத்தைச் சொல்லாமல் இருப்பது முக்கியம். "இது எப்படி, பிடித்ததா?" என்று கேட்டால் உங்களுக்காக ஆமாம் என்பார்கள். "இன்னொரு சுற்று எதில் போகிறாய்?" என்று மட்டும் கேளுங்கள்.

ஒரு ஜோடி மட்டும் வழுக்கிக்கொண்டே போவதாக அவர் சொன்னால், அகலத்தைக் குறை சொல்லுமுன் அதன் விளிம்பை விரல் நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். டெமோ ஸ்கீகள் பல கைகள் மாறி மழுங்கியிருக்கும். கூர்மையான விளிம்பு நகத்தைச் சீவி எடுக்கும், மழுங்கியது சறுக்கிப் போகும். மழுங்கியிருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துத் தீட்டச் சொல்லி, அதே தடத்தில் மறுபடி ஓட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யட்டும்.